எடைக்குப் போகிறது உங்கள் வரலாறு!

சமுதாயத்தின் இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

கல்லாவை எண்ணாமல் கடையை மூடும் வியாபாரி உண்டா? வரவு செலவுப் பேரேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட முதலாளி உண்டா? இல்லை! பேரேடு போனால் பாக்கியும் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கியவன் "நான் எப்போது வாங்கினேன்?" என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஏடு வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போகலாம். வழக்கு என்று வந்துவிட்டால் ஏட்டில் இருப்பதுதான் உதவும்.

ஒரு கடைக்குப் பேரேடு இருப்பதுபோல் ஒரு சமுதாயத்துக்கும் பேரேடு உண்டு. அது அந்தச் சமுதாயம் நடத்திய பத்திரிகை. எந்த ஊரில் எந்த மதரஸா எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, அதற்கு இடம் கொடுத்தவர் யார், எந்தத் தேர்தலில் யார் நின்றார், எந்தக் கலவரத்தில் யார் கடை எரிந்தது, யார் ஓடி வந்து அணைத்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பேரேட்டின் இன்றைய கதி என்ன? பரணில் செல்லரிக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது சாக்கு மூட்டையில் இறங்குகிறது. வாப்பா ஐம்பது ஆண்டு சேர்த்து வைத்ததை மகன் ஒரு காலைப் பொழுதில் தராசில் ஏற்றுகிறார். மறுநாள் அது பொட்டலக் காகிதம்!

நாம் எழுதாத சமுதாயமா?

முஸ்லிம்கள் வியாபாரம் தெரிந்தவர்கள், எழுத்து தெரியாதவர்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லச் சான்று நிறைய உண்டு.

சென்னையில் 'சுதேசமித்திரன்' பிறந்த ஆண்டு 1882. அதே ஆண்டில் இலங்கையில் அறிஞர் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். 1887-ல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை அச்சிட்டார். நாகூர் குலாம் காதிறு நாவலர் கடல் கடந்து பினாங்கில் 'வித்தியா விசாரிணி'யை நடத்தினார். நாச்சியார்கோவில் பா. தாவூத் ஷா 1920-களில் தொடங்கிய 'தாருல் இஸ்லாம்', பிழையற்ற தமிழுக்குப் பேர் வாங்கிய ஏடு. 1927-ல் சென்னையில் தொடங்கிய உருது நாளேடு 'முஸல்மான்', காத்திப்கள் கையால் எழுதிய பக்கங்களை அச்சில் ஏற்றி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னால் 'முஸ்லிம் முரசு', 'மணிவிளக்கு', 'மறுமலர்ச்சி' என்று எத்தனை ஏடுகள்!

இவற்றுள் 'சிங்கை நேசன்' இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் படமெடுத்துத் தன் பத்திரிகைத் தொகுப்பில் வைத்திருக்கிறது. 1887-ல் ஒரு தமிழ் முஸ்லிம் எழுதியதை இன்று உங்கள் கைப்பேசியிலேயே படிக்கலாம். தன் நாட்டில் அச்சான சிறுபான்மை மொழி ஏட்டையும் தன் சொத்து என்று அந்த நாடு எண்ணியது. தமிழ்நாட்டில் அச்சான நம் ஏடுகளுக்கு அந்த எண்ணம் எப்போது வரும்? ஆங்காங்கே குடும்பத்தாரும் ஆர்வலர்களும் சொந்தக் காசில் சில இதழ்களைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு சமுதாயத்தின் வரலாறு நாலைந்து பேருடைய ஓய்வு நேரத்தை நம்பியா நிற்பது?

வெள்ளைக்கார ஆட்சி நம் ஏடுகளை எப்படி மதித்தது தெரியுமா? மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, நாட்டு மொழிப் பத்திரிகைகளில் ஆட்சிக்கு எதிராக என்ன வருகிறது என்று சுருக்கம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தது. மூல இதழ் அழிந்துபோனால் நாளைய ஆய்வாளருக்குக் கிடைப்பது அந்த உளவுச் சுருக்கம் மட்டுமே. நம் பாட்டனார் பேசியதை அவரைக் கண்காணித்தவனின் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை நமக்குத் தேவையா?

திருத்தணிக்குத் தெரியும் காகிதத்தின் பலம்

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைக்கோயிலுக்கு வருவோர் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர் இது. நகரிக்கும் புத்தூருக்கும் சரக்கு போகிற ஊர் இது. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் எல்லை எப்படி முடிவாயிற்று? படாஸ்கர் என்னும் நடுவர் வந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டார். எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்தக் கிராமம் எதை ஒட்டி நிற்கிறது என்று மக்கள் கணக்கை வைத்துப் பார்த்தார். 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

தெருவில் எழுந்த முழக்கம் நடுவரை வரவழைத்தது. ஏட்டில் இருந்த கணக்கு எல்லையைத் திருத்தியது! இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றொன்று வென்றிருக்காது.

சரி, இணைப்புச் சட்டத்தை எந்த நூலகத்திலும் பார்க்கலாம். ஆனால் கடையடைப்பு நாளில் இந்தக் கடைவீதியில் யார் யார் கதவை இழுத்து மூடினார்கள்? தொண்டர்களுக்குச் சோறு போட்டது யார்? முஸ்லிம் வணிகர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? என்ன பேசினார்கள்? சட்டப் புத்தகம் இதைச் சொல்லாது. ம.பொ.சி.யின் 'செங்கோல்' போன்ற அன்றைய ஏடுகளையும் நம் சமுதாய ஏடுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் தேட வேண்டும். "இந்த மண்ணுக்கு நீ என்ன செய்தாய்?" என்று நாளை ஒருவன் உங்கள் பிள்ளையைக் கேட்டால், அந்தப் பிள்ளை எதை எடுத்துக்காட்டும்? பொட்டலக் காகிதத்தையா?

மானியம் இருக்கிறது, வாசல்தான் பூட்டு!

பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்ற மானியமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் வழக்கு.

முதலில் மத்திய அரசைப் பாருங்கள். 2003-ல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. எதைச் சுவடி என்றார்கள்? கையால் எழுதியது, குறைந்தது 75 ஆண்டு பழையது. அச்சு நூலும் கல்லச்சுப் பிரதியும் சுவடி ஆகாது என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். 2025 பட்ஜெட்டில் அதை 'ஞான பாரதம்' என்று புதுப்பெயரில் விரித்தார்கள். ஒரு கோடிச் சுவடிகள் என்று இலக்கு அறிவித்தார்கள். நல்லது, சுவடி காக்கப்படட்டும்! ஆனால் கல்லச்சில் வந்த அரபுத் தமிழ் ஏடு எங்கே போகும்? காத்திப் கையால் எழுதி அச்சில் ஏறிய உருது நாளேடு எங்கே போகும்? எழுதியது கைதான், ஆனாலும் சுவடி இல்லையாம்! ஓலையைவிட வேகமாக அழிவது பத்திரிகைக் காகிதம். மரக்கூழில் செய்த அந்தக் காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து, தொட்டால் நொறுங்கும். முதலில் சாகப் போகிறவனுக்கு மருந்து இல்லை என்கிறது திட்டம்!

அடுத்து வெளிநாடு. ஆர்கேடியா அறக்கட்டளையின் நிதியில் பிரிட்டிஷ் நூலகம் 2004-ல் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், மின்படிதான் வெளியே போகும் என்பது அதன் விதி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்த நிதியில் தமிழ்நாட்டின், புதுச்சேரியின் பழைய இதழ்களைப் படமெடுத்தது. இருபதாம் நூற்றாண்டு ஆவணங்களுக்காகக் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. நூலகம் 2018-ல் இன்னொரு திட்டம் தொடங்கியது.

உங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று இந்தப் பணத்தைக் கேட்டுப் பெறலாமா? அங்கேதான் பூட்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அரசியல் கட்சியும் பத்திரிகை வெளியிடுபவரும் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. 2020-ல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பங்கு பிரித்துத் தரக் கூடாது. ஆக, பெரிய நிறுவனத்துக்கு மட்டுமே கை எட்டும். எந்த ஏட்டை முதலில் படமெடுப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதையும் பெரிய நிறுவனமே முடிவு செய்யும். அவர்கள் மேல் குறை இல்லை. அவர்களிடம் பட்டியல் இருக்கிறது, கேட்கிறார்கள், கிடைக்கிறது. நம்மிடம் பட்டியல் எங்கே?

சாவி பிறர் பெட்டியில்

"அவர்களாவது செய்கிறார்களே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது! 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் திருடர்கள் தாக்கினார்கள். மாதக்கணக்கில் அதன் இணையச் சேவைகள் முடங்கின. அமெரிக்காவில் பழைய பத்திரிகைகளைக் கணினியில் ஏற்ற ஆண்டுதோறும் பணம் தந்துவந்தது நேஷனல் எண்டோமெண்ட் ஃபார் த ஹியூமானிட்டீஸ் என்னும் அரசு அமைப்பு. ஆட்சி மாறியது. 2025 ஏப்ரலில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஏராளமான மானியங்களை நிறுத்துவதாகக் கடிதம் போயிற்று. வல்லரசின் சொந்த வரலாற்றுக்கே இந்தக் கதி என்றால், வல்லரசின் வாசலில் நிற்கும் நமக்கு?

ஒரே இடத்தில் குவித்து வைத்தாலும் ஆபத்து. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின என்பது வரலாறு. வேறெங்கும் படி இல்லாதவை அன்றோடு போயின.

மானியத்தை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வரும் பணத்தை வாங்குங்கள். ஆனால் ஒரு படி உங்கள் ஊரில் இருக்க வேண்டும். பூட்டு அவர்களுடையதாக இருக்கலாம், ஒரு சாவி உங்கள் மடியில் இருக்க வேண்டும்!

வக்ஃபு சொன்ன பாடம்

இது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணும் வியாபாரி 2025-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டாலேயே ஓர் இடம் வக்ஃபு ஆகும் என்ற நிலையை இனிவரும் காலத்துக்கு எடுத்துவிட்டது. முன்பே பதிவானவற்றிலும் தகராறு உள்ளதற்கும் அரசு நிலம் எனப்படுவதற்கும் பாதுகாப்பு இல்லை என்றது. ஜூன் 6-ல் உம்மீத் தளம் திறந்து, ஆறு மாதத்தில் விவரங்களை ஏற்று என்றார்கள். எத்தனை முத்தவல்லிகள் பழைய காகிதம் தேடி அலைந்தார்கள் என்று உங்கள் மஹல்லாவிலேயே கேட்டுப் பாருங்கள்.

பத்திரிகைச் செய்தி பத்திரம் ஆகாது. செய்தி தானாகவே சாட்சியம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் லட்சுமி ராஜ் ஷெட்டி வழக்கில் 1988-லேயே சொல்லிவிட்டது. பொய்யான நம்பிக்கை ஊட்டுவது நம் வேலை இல்லை. ஆனால் ஒரு பள்ளிவாசல் திறப்பு விழாச் செய்தி என்ன தருகிறது? நாள் தருகிறது. இடம் கொடுத்தவர் பெயர் தருகிறது. தலைமை தாங்கியவர் பெயர் தருகிறது. அந்தப் பெயரையும் ஆண்டையும் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடினால் பத்திரம் அகப்படலாம். வழி தெரியாதவனுக்குக் கைகாட்டி மரம் போன்றது பழைய ஏடு. அந்தக் கைகாட்டியையா வெட்டி அடுப்பில் வைப்பது?

நம்மவன் ஏடு மட்டும் போதுமா?

இன்னொரு நோயையும் சொல்லியாக வேண்டும். "தாவூத் ஷா கருத்து எங்களுக்கு ஒவ்வாது, அவர் ஏட்டை நாங்கள் ஏன் காக்க வேண்டும்?" என்பார் ஒருவர். "அந்த அமைப்பின் இதழ் எங்களைத் திட்டியது" என்பார் மற்றொருவர். அருமைச் சகோதரர்களே! தனக்கு வரவேண்டிய பாக்கியை மட்டும் எழுதி, தான் கொடுக்க வேண்டியதை எழுதாத கணக்கை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்? நமக்கு ஒத்தவர் எழுதியதை மட்டும் காத்தால் அது விளம்பரத் தொகுப்பு. திட்டியதையும் காத்தால்தான் வரலாறு. அன்று எதிர்த்தவர் எழுதியதில்தான் நம்மவர் சொன்ன பதிலின் பொருளே புரியும்.

பணம் இல்லையா, மனம் இல்லையா?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் எந்த மானியத்துக்காகவும் காத்திருக்காமல் நூலும் இதழும் நோட்டீசும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, வாங்கியதைச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. 1994-ல் பிறந்த அந்த நூலகம்தான் பிறகு மானியம் கேட்கும் தகுதி பெற்றது. முதலில் சேர்த்தார்கள், பிறகு கேட்டார்கள்! இலங்கைத் தமிழர்கள் போர் நடுவே 2005-ல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தன்னார்வத்தில் தொடங்கினார்கள். ஊரிலும் புலம்பெயர்ந்தும் வாழ்வோர் நன்கொடையில் வளர்ந்த அதில் முஸ்லிம் ஆவணகம் என்றே ஒரு பகுதி உண்டு.

நாமோ? நிக்காஹ் மேடைக்கும் அலங்கார வளைவுக்கும் வரவேற்புப் பேனருக்கும் ஒரே நாளில் கரைக்கும் பணத்தை எண்ணிப் பாருங்கள். மறுநாள் குப்பைக்குப் போகும் பேனருக்குக் காசு இருக்கிறது. நூறாண்டு பேசும் ஏட்டுக்கு இல்லையா?

உடனே செய்ய வேண்டியவை

ஒன்று: பட்டியல். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகப் போகட்டும். ஏட்டின் பெயர், ஆண்டு, எத்தனை இதழ், யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இதழை வாங்கி வர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மானியம் தருகிற எவரும் கேட்கும் முதல் கேள்விக்கு இந்த நோட்டுதான் விடை.

இரண்டு: பாதுகாப்பு. கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கொல்லும். மடிக்காமல், படுக்கை வாட்டில், ஈரமும் வெயிலும் படாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

மூன்று: படமெடுப்பு. அவசரத்துக்குக் கைப்பேசிப் படம் நல்லதுதான். ஆனால் நிலையான படிக்கு மேலிருந்து எடுக்கும் கேமராவும் சீரான வெளிச்சமும் வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஏட்டின் பெயர், நாள், பக்கம் இட வேண்டும். பெயரில்லாத ஆயிரம் படம், சீட்டு ஒட்டாத சரக்கு மூட்டை போலத்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா வடிவங்களிலும் அரபுத் தமிழிலும் எந்திரம் தடுமாறும். அங்கே கண்ணால் படித்துத் தலைப்புகளையாவது தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். படித்த பிள்ளைகளுக்கு இது வேலை.

நான்கு: அனுமதி. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. தாவூத் ஷா மறைந்தது 1969, ஆகவே அவர் எழுத்துக்கு 2029 முடிய உரிமை இருக்கிறது. உரியவர்களிடம் கடிதம் வாங்குங்கள். லாப நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள 2012 திருத்தம் இடம் தருகிறது.

ஐந்து: மூன்று படி. ஒன்று ஊரில், ஒன்று சென்னையில் ஒரு நூலகத்தில், ஒன்று வெளியூரில்.

ஆறு: நிதி. வணிகர்கள் மாதம் ஒரு தொகை என்று கணக்கோடு ஒதுக்குங்கள். வரவு செலவை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உள்ளூர்ப் பணத்துக்கு டெல்லிக் கிளை தேவையில்லை!

அரசே, கேள்!

தமிழ் இணையக் கல்விக் கழகம் மின்னூலகம் நடத்துகிறது. நூல்களும் இதழ்களும் அதில் ஏறுகின்றன. வரவேற்கிறோம். ஆனால் சிற்றூரில் பரணில் கிடக்கும் சிறு பத்திரிகைக்கு அங்கே போக வழி என்ன? பழைய பத்திரிகைகளுக்கென்று பட்ஜெட்டில் தனி நிதி ஒதுக்கு! சிறு அறக்கட்டளையும் ஜமாஅத்தும் ஊர் நூலகமும் நேராக விண்ணப்பிக்க வழி செய்! மூலம் உரியவரிடமே இருக்கட்டும், ஒரு படி அந்தந்த ஊர் நூலகத்துக்கு வரட்டும் என்று விதி எழுது! முஸ்லிம் ஏட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. வடக்கெல்லைப் போராட்ட ஏடும், நெசவாளர் சங்க ஏடும், திராவிட இயக்கச் சிற்றிதழும், கிறிஸ்தவத் திருச்சபை இதழும் அதே பரணில்தான் அதே கரையானுக்கு இரையாகின்றன. கரையானுக்கு மத வேறுபாடு கிடையாது!

மத்திய அரசுக்கும் சொல்கிறோம். அச்சில் ஏறிவிட்டால் பாரம்பரியம் இல்லை என்ற வரையறையைத் திருத்து! 'சுதேசமித்திரன்' இல்லாமல் எந்த விடுதலை வரலாறு? 'முஸல்மான்' இல்லாமல் எந்தச் சென்னை வரலாறு?

இளைஞர்களே! மலையும் எல்லையும் மாறிமாறி ஆளப்பட்ட இந்த ஊரில் காகிதம் வைத்திருந்தவர் பேச்சு அம்பலம் ஏறியது. மானியம் வரும் என்று கரையான் காத்திருக்காது. நீங்களும் காத்திருக்க வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புறப்படுங்கள். முதல் வீடு உங்கள் வீடாகவே இருக்கட்டும். பரணில் ஏறுங்கள்!